வீடும் மரமும் – 9: நிலைக்காலில் கட்டெறும்பு

சென்ற வாரம் கரையானைப் பார்த்தோம். கரையான் என்று நினைத்துப் பலர் மருந்தடித்துவிடும் கட்டெறும்புக்கு இந்த வாரம் வருவோம்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மாமரத்தோடு வாழ்பவர்களுக்கு இது பழகிய எறும்பு. மாம்பூவில் தத்துப்பூச்சி இறங்கினால், அது கழிக்கும் இனிப்பு நீரால் இலையெல்லாம் பிசுபிசுக்கும். அதைக் குடிக்கக் கட்டெறும்பு சாரை சாரையாக ஏறும். அந்த மரத்தின் ஒரு கிளை மொட்டைமாடிச் சுவரில் உரசினால் போதும், வீட்டுக்குள் வந்துவிடும்.

இது கேம்போனோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. இதே பேரினத்தின் வேறு இனங்கள் அமெரிக்காவில் மர வீடுகளின் உத்தரங்களையே குடைந்துவிடுகின்றன. நம்மிடம் அதிகம் தென்படும் கரிய இனமான கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்சஸ் பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் புற்று வைக்கும். அதனால் ஒரு வீட்டின் நிலைக்காலுக்குள்ளிருந்து கட்டெறும்பு புறப்படுகிறது என்றால், நான் முதலில் தேடுவது தண்ணீரை. குளியலறைச் சுவரில் கசியும் குழாய், மழைநீர் தேங்கும் ஜன்னல் படி, விரிசல் விட்ட தளம், இவற்றில் ஏதோ ஒன்று அருகில் இருக்கும். ஊறி நைந்த மரமும், கரையான் ஏற்கெனவே பொள்ளலாக்கிய மரமும்தான் எறும்புக்குக் குடியேற வசதி.

கீழே விழும் தூளைக் கவனியுங்கள். கட்டெறும்பு மரத்தைத் தின்பதில்லை. குடைந்ததை வெளியே தள்ளும். சிராய் சிராயான அந்தத் தூளில் செத்த பூச்சிகளின் காலும் சிறகும் கலந்திருக்கும். குண்டூசித் துளையிலிருந்து மாவு போல உதிர்ந்தால் அது வண்டு உளுத்த மரம். மண்ணிலிருந்து வரும் கரையானோ தூள் கொட்டாது, சுவரோரம் மண் பூசிப் பாதை போடும். மழைக்குப் பின் விளக்கடியில் சிறகுகள் கிடந்தால் பூச்சியையும் தேடிப் பாருங்கள். ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது. சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகு நீளம், இடுப்பு நன்றாக ஒடுங்கியிருக்கும்.

கண்ணில் பட்ட எறும்பின் மேல் ஸ்ப்ரே அடிப்பது வீண். இரை தேட வந்தவை மட்டும் சாகும்; கூட்டுக்குள் இருக்கும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். இருட்டியபின் டார்ச்சோடு வரிசையைப் பின்தொடருங்கள். எந்த இடுக்கில் நுழைகின்றன என்று தெரிந்ததும் அந்த மரத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான். கசிவை அடைத்து, நைந்த துண்டை வெட்டி மாற்றாமல் எந்த மருந்தும் நிலைக்காது. சர்க்கரைப் பாகில் சிறிதளவு போரிக் அமிலம் கலந்து வைத்தால் எறும்பே அதைக் கூட்டுக்குச் சுமந்துபோகும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சிப்காட் வட்டாரத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரங்கள் வந்திறங்கிய பைன் பெட்டியையும் பேலட்டையும் பழைய விலைக்கு வாங்கிப் பரணும் அலமாரியும் செய்கிறோம். கோதுமைக் கதிர் முத்திரையோடு எச்.டி. என்று பொறித்திருந்தால், அந்த மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அன்று உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும். அதன்பின் வருவதை அந்த முத்திரை தடுக்காது. வாங்கிய பலகையைப் பின்சுவரோரம் மண்ணில் அடுக்கி ஒரு மழைக்காலம் நனையவிட்டால் எறும்பும் கரையானும் அதில் ஏறும். செங்கல் மேல் தூக்கி, சுவரை விட்டு ஓரடி தள்ளி, மேலே தகரம் போட்டு வையுங்கள். வீட்டுக்குள் கொண்டுவருமுன் ஒவ்வொரு பலகையையும் வெயிலில் திருப்பிப் பாருங்கள்.