இந்த அந்துப்பூச்சி ஏன் பகலில் பறக்கிறது?

அந்துப்பூச்சி என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் பழுப்பு நிறப் பூச்சிதானே? ஐரோப்பாவின் சின்னபார் அந்துப்பூச்சி அப்படியல்ல. வெயிலிலும் பறக்கும். கரும்சாம்பல் முன்சிறகின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு, வெளி ஓரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்; பின்சிறகு பெரும்பாலும் சிவப்பு. சிறகை விரித்தால் சுமார் 4 செ.மீ. இருக்கும்.

இவ்வளவு பளிச்சென்று பறந்தால் பறவைகள் விடுமா? விடும். காரணம், இதன் புழு தின்னும் ராக்வொர்ட் செடி. மஞ்சள் பூப் பூக்கும் இந்தச் செடியில் குதிரை, மாடுகளின் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டு நஞ்சு உண்டு. மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய புழு அதைத் தின்று உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த பூச்சியிலும் அந்த நஞ்சு தங்குகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை, அடுத்தமுறை நிறத்தைக் கண்டே விலகிவிடும்.

பிரிட்டன் முதல் மத்திய ஆசியா வரை இது வாழ்கிறது. ராக்வொர்ட்டை ஒழிப்பதற்காக 1959இல் கலிபோர்னியாவுக்கும் கொண்டுபோனார்கள்.

பகலில் பறந்தும் இது ஏன் வண்ணத்துப்பூச்சி ஆகவில்லை? உணர்கொம்பைப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தடித்திருக்கும், இதற்கு நூல்போல மெலிந்திருக்கும்.

இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்றைய பெயர் டைரியா ஜாக்கோபியே. முன்பு ஆர்க்டிடே என்ற தனிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பமே எரிபிடே என்ற பெரிய குடும்பத்தின் துணைக்குடும்பமாகிவிட்டது.