சாயம் வெளுத்தால் போதுமா?

கண்ணாடி டம்ளரில் நீலத் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. திருப்பூர்ப் பக்கம் ஒரு மொட்டை மாடியில், விற்பனைக்கு வந்தவர் அதை வெயிலில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் பளிங்கு. "கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம். வெயிலே சுத்தம் பண்ணிடுங்க" என்றார். கூட நின்ற விவசாயி ஒருவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதைத் தென்னைக்கு விடலாங்களா?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

அந்தப் பொடி டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெண்மை தருவதும் அதுதான். இதன்மேல் ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்று 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்டார்கள். புற ஊதாக் கதிர் விழும்போது பொடிக்குள் எலெக்ட்ரான் ஒன்று எகிறுகிறது. அது விட்டுப்போன இடமும் எகிறிய எலெக்ட்ரானும் சேர்ந்து, தண்ணீரிலிருந்தும் அதில் கரைந்த ஆக்சிஜனிலிருந்தும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்குகின்றன. சாயம், பூச்சிமருந்து, மாத்திரைக் கழிவு என்று கார்பன் சேர்மம் எது எதிர்ப்பட்டாலும் அவை பிய்த்துப் போடும். வேலை முழுதாக நடந்தால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், கொஞ்சம் தாது உப்பு. பொடி செலவாவதில்லை. ஆகவே இது ஏமாற்று வித்தை இல்லை, நல்ல அறிவியல்தான்.

சிக்கல், 'முழுதாக' என்ற சொல்லில் இருக்கிறது.

சாய மூலக்கூறில் நிறம் தரும் பிணைப்பு முதலில் அறுந்துவிடும். கண்ணுக்குத் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் அசோ வகைச் சாயங்கள் உடைகிறபோது அரோமாட்டிக் அமீன்கள் இடையில் உருவாகலாம். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. பாதியில் நிறுத்தினால் அவை தண்ணீரிலேயே நிற்கும். இன்னொன்றும் உண்டு: சாயம் உடையாமல் பொடியின் மேல் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்தாலும் தண்ணீர் தெளியும். அதனால் யாராவது செய்து காட்டினால், அதே கலவையில் இன்னொரு டம்ளரை இருட்டில் வைக்கச் சொல்லுங்கள். இருட்டிலும் நிறம் போனால் அது வெயில் செய்த வேலை இல்லை. சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை), மொத்த கரிமக் கார்பன் அளவுகளை எழுத்தில் கேளுங்கள். நிறத்தின் அளவை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெயிலுக்கும் வரம்பு உண்டு. சூரிய ஒளியில் புற ஊதா ஏறக்குறைய 5 சதவீதம்தான். இந்தப் பொடிக்கு அதுதான் பயன்படும். அடர்ந்த சாயக்கழிவுக்குள் அந்த ஒளி ஆழமாக இறங்காது. கழிவிலுள்ள குளோரைடும் பைகார்பனேட்டும் தனி உறுப்புகளைத் தின்றுவிடும். மற்ற சுத்திகரிப்பெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் கொஞ்சநஞ்ச மாசுக்கு இது பொருத்தம். பட்டறையிலிருந்து நேராக வரும் கழிவுக்கு அல்ல. நுண்பொடியைக் கடைசியில் எப்படி வடிகட்டுவார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இப்போது தென்னைக்கு வருவோம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பை எந்த ஒளி வினையூக்கியும் தொடாது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனதும், கீழே கிணறுகள் உப்பேறியதும் கொங்கு மண்ணில் எல்லோருக்கும் தெரியும். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையும், அதற்கான ஆர்.ஓ., ஆவியாக்கி ஏற்பாடுகளும் இந்த உப்பை முன்னிட்டுத்தான். அவற்றுக்குப் பதில் ஒரு பொடி போதும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். தெளிந்த அந்த டம்ளரிலும் உப்பு அப்படியே இருந்திருக்கும். தென்னைக்கு விடக் கூடாது.

தூய நீர் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்பதை 1996-ல் வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் உறுதி செய்தது. ஆலைக்கு என்ன நிபந்தனையில் இசைவாணை தரப்பட்டது, கடைசி ஆய்வறிக்கை என்ன சொல்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சுத்திகரிப்புக் கருவி என்று பொய் வாக்குறுதி தந்து விற்றிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விளம்பரத் துண்டறிக்கையையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

கிணறு கெட்டிருந்தால் முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆலைக் கழிவை நீங்களே பிடித்துப் போவதைவிட, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியை எழுத்துமூலம் வரவழைத்து மாதிரி எடுக்க வைப்பது மேல். சட்டத்தில் சொன்ன முறைப்படி எடுத்த மாதிரிக்குத்தான் வழக்கில் வலு. அப்படியும் தீராவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. வக்கீல் இல்லாமலும் மனுப் போடலாம். மாசைத் தடுக்கக் கோருவதற்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு கெடு. இந்தக் கணக்கு பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஓடும். ஆகவே கிணற்றில் நிறமோ உப்போ தட்டுப்பட்ட அன்றே காலண்டரில் தேதியைக் குறித்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.