வழியிடைச் சிற்றிடர்கள்

வாரத்தின் ஆறு நாளும் உழைத்தவர் ஏழாம் நாளில் வெளியூர் சென்று வர விரும்புதல் இயல்பு. மாட்டுவண்டிக் காலத்தில் பத்துக் கல் தொலைவு சென்று திரும்புவதற்கே ஒரு பகல் கழியும். இக்காலத்திலோ மோட்டார் வண்டி தொலைவைச் சுருக்கிவிட்டது. காலையிற் புறப்பட்டு, ஏரியும் கோயிலும் கண்டு, இரவு உணவுக்கு வீடு திரும்பலாம். ஆயினும், அவ்வாறு சென்று மீண்டவரை, "என்ன கண்டீர்?" என்று வினவினால், அவர் கண்ட காட்சியை முதலிற் சொல்வதில்லை, வழியிற் பட்ட தொல்லையையே முதலிற் சொல்வார். சக்கரத்தில் ஆணி தைத்தது, வழி தவறிற்று, கோயில் நடை சாத்தியிருந்தது என்று அவர்தம் குறைகள் நீளும். இச்சிறு தொல்லைகள் ஏன் நேர்கின்றன? அவற்றை நாம் எவ்வாறு ஏற்றல் வேண்டும்? ஒருநாட் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் சாலையில், குமராட்சி என்னும் ஊர் உள்ளது. கொள்ளிடத்திற்கு வடக்கே, நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் அது. அங்கிருந்து மேற்கே செல்வோர்க்கு வீராணம் ஏரியும், அதற்கப்பால் கங்கைகொண்டசோழபுரமும் ஒரு பகலிற் கண்டு வரத்தக்க இடங்களாம். தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யானும் என் மக்களும் பேரப்பிள்ளைகளும் வாடகை வண்டி ஒன்றில் அவ்விடங்கட்குப் புறப்பட்டோம். காலை ஆறு மணிக்குப் புறப்படுவது முதல்நாள் இரவு செய்த முடிவு. குடிதண்ணீரை மறந்து மீண்டும் வீட்டிற்குட் சென்றவர் ஒருவர். செருப்பைத் தேடியவர் மற்றொருவர். வண்டி நகர்ந்தபோது மணி எட்டு. அன்று நேர்ந்த இடர்களுள் முதலாவது எங்கள் வீட்டு வாயிலிலேயே பிறந்தது என்பதை அப்போது எவரும் உணரவில்லை.

ஊரெல்லையைக் கடந்து சிறிது தொலைவு செல்வதற்குள் ஒரு தடை எதிர்ப்பட்டது. சாலையின் ஒரு பாதியில் நெடுந்தூரம் நெல் பரப்பப்பட்டிருந்தது. அதன்மேல் வண்டிகள் ஏறாவண்ணம் தலையளவுக் கருங்கற்கள் விளிம்பில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மற்றப் பாதியில் பேருந்து ஒன்று எதிரே வந்துகொண்டிருந்தது. எங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ஹாரனைப் பலமுறை ஒலித்தார், "இது சாலையா, இவர்கள் வீட்டு முற்றமா?" என்று சினந்தார்.

பேருந்து கடந்து செல்லும்வரை வேறு வேலை இன்மையால், மூத்த பேரன் இறங்கி, நெல்லைக் காலாற் கிளறிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் சென்றான்.

"பாட்டி, இந்நெல்லை வீட்டில் உலர்த்தக் கூடாதா?" என்று வினவினான்.

"பனிக்காலமல்லவா, தம்பி? வீட்டு வாசல் ஈரமாக இருக்கிறது. மண்தரையிற் கொட்டினால் மண்ணும் கல்லும் கலந்துவிடும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தார்ச்சாலைதான் எங்களுக்குக் களம். இருட்டுவதற்குள் வாரிவிடுவோம்" என்றாள் அவள்.

அவள் கூறியது முழுவதும் உண்மை. சம்பா நெல் தை, மாசித் திங்கள்களில் அறுவடையாகின்றது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி. மழை மிகுந்த ஆண்டுகளில் அவ்வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. ஈரம் மிக்க நெல் மூட்டையிற் சூடேறிப் பூசணம் பிடிக்கும், முளைவிடுதலும் கூடும். ஆதலால் உலர்த்தாமல் இயலாது. ஊர்தோறும் போதிய உலர்களம் இல்லை. தார்ச்சாலை கருநிறமாதலின் வெயிலை நன்கு உள்வாங்கி, மேலுள்ள நெல்லையும் விரைவில் உலர்த்துகின்றது. இவ்வாறே, உளுந்து அறுவடையின்போது செடிகளைச் சாலையிற் பரப்பி, வண்டிச் சக்கரங்களால் மிதிக்கச் செய்வதும் இப்பக்கங்களிற் காணக்கூடியதே.

ஆயினும் இவ்வழக்கத்தில் தீங்கில்லை என்று சொல்ல இயலாது. சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பினாலேயே வண்டி திரும்புகின்றது, நிற்கின்றது. இடையே நெல்மணிகள் கிடப்பின் அவை உருளும், பிடிப்புக் குறையும், இருசக்கர வண்டி எளிதிற் சறுக்கி வீழும். மூதாட்டியின் தேவையும் மெய்; வழிச்செல்வோரின் இடரும் மெய். பேரன் திரும்பி வந்து அவள் சொன்னதைச் சொல்லவே, ஓட்டுநரின் சினம் ஓரளவு தணிந்தது. வண்டி மெல்லக் கடந்து சென்றது.

அடுத்த இடர் வண்டியின் உள்ளேயே தோன்றிற்று. கதைப்புத்தகம் படித்துக்கொண்டு வந்த இளைய பேத்திக்குத் தலை சுழன்று குமட்டல் எடுத்தது. உண்ட உணவே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுவர். அது முழுக் காரணமன்று. நம் செவியின் உட்பகுதியில் உடலின் அசைவை உணர்த்தும் உறுப்பு ஒன்று உண்டு. வண்டி வளைந்தும் குலுங்கியும் செல்லும்போது, "நாம் அசைகின்றோம்" என்று அஃது மூளைக்கு அறிவிக்கின்றது. புத்தகத்தில் நிலைத்த கண்களோ, "நாம் அசையவில்லை" என அறிவிக்கின்றன. முரண்பட்ட இவ்விரு செய்திகளால் மூளை தடுமாறுவதே இக்குமட்டல். புத்தகத்தை மூடச் செய்து, அவளை முன்னிருக்கையில் அமர்த்தி, தொலைவிலுள்ள பனைமரங்களைப் பார்த்துவரச் சொன்னோம். சாளரத்தையும் திறந்துவைத்தோம். சிறிது நேரத்தில் அவள் தெளிந்தாள்.

லால்பேட்டையை அடைந்து, வீராணத்தின் கரைமேற் செல்லும் சாலையில் திரும்பினோம். அங்கே பின்சக்கரம் ஒன்றிற் காற்று இறங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஓர் இரும்பாணி தைத்திருந்தது. முன்சக்கரத்தை விட்டுப் பின்சக்கரத்தில் ஆணி தைப்பானேன் என்று பிள்ளைகள் வியந்தனர். சாலையிற் படுத்துக் கிடக்கும் ஆணி முன்சக்கரத்தை எளிதில் துளைப்பதில்லை. ஆனால் முன்சக்கரம் அதனைத் தட்டி எழுப்பும். அது நிமிரும் கணத்தில் பின்சக்கரம் அதன்மேல் ஏறும். பெரும்பாலும் பின்சக்கரமே துளைபடுவதற்கு இது காரணம். ஓட்டுநர் ஜாக்கியை வைத்து வண்டியை உயர்த்தி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். அதிலும் காற்று இல்லை! இடர் வந்தபோது உதவுவதற்காகச் சுமந்து செல்லும் பொருளை, இடர் வருமுன் ஒருமுறையேனும் நோக்காமை பலர்க்கும் உள்ள குறை. ஓட்டுநர் தலை குனிந்தார். கேளாதிருந்த எங்கட்கும் அக்குறையிற் பங்கு உண்டு.

அப்போது மோட்டார் சைக்கிளில் மீன் கூடையுடன் வந்த ஒருவர், நாங்கள் அழையாமலே நின்றார். கூடையை எங்களிடம் ஒப்புவித்து, சக்கரத்தையும் ஓட்டுநரையும் ஏற்றிக்கொண்டு லால்பேட்டைக்குச் சென்றார். அவர்கள் மீள ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பழுது தீர்ந்தபின் பணம் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்து, தம் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டோம்.

அவ்வொன்றரை மணி நேரம் வீணாகவில்லை. தடையின்றிச் சென்றிருப்பின், ஏரியைச் சாளரத்தின் வழியே பார்த்தபடியே கடந்திருப்போம். கரையில் அமர நேர்ந்தமையால் அதனை நன்கு கண்டோம். 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழன் காலத்தில் அமைந்தது இவ்வேரி. அவனது சிறப்புப் பெயரால் வீரநாராயணன் ஏரி எனப்பட்டுப் பின்னர் வீராணம் என மருவிற்று. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டப்பெற்ற கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக இதற்கு நீர் வருகின்றது. நாற்பதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இதனாற் பயன்பெறுகின்றன. 2004 முதல், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னை நகருக்கும் இங்கிருந்து குழாய் வழியே குடிநீர் செல்கின்றது. காலையிற் சாலையில் எங்களைத் தடுத்த நெல்லும் இத்தகைய பாசனத்தின் விளைவன்றோ என்று மூத்த பேரன் சொன்னான்.

காட்டுமன்னார்கோயிலையும் மீன்சுருட்டியையும் கடந்து கங்கைகொண்டசோழபுரத்தை அடைந்தபோது நண்பகல் கழிந்துவிட்டது, நடை சாத்தப்பட்டிருந்தது. நண்பகல் வழிபாடு முடிந்தபின் நடை சாத்தி மாலையில் திறத்தல் நம் நாட்டுக் கோயில்களிற் பொதுவான முறை. இதனை நாங்கள் அறியாதவரல்லேம். எட்டு மணிக்குப் புறப்பட்ட எங்கள் தவறே அங்கு எங்களை வெளியே நிறுத்திற்று. மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டோம். முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அப்பெருங்கோயிலின் புறச்சுவர்களைச் சுற்றி வந்தோம். வடபுற வாயிலருகே, சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாற் கொன்றை மாலை சூட்டும் சிற்பத்தின்முன் பிள்ளைகள் நெடுநேரம் நின்றனர். உலக மரபுச் சின்னமாக 2004-இல் ஏற்கப்பெற்ற இக்கோயிலின் மதிற்கற்கள் பல, முன்பு கூறிய கீழணையைக் கட்டுவதற்காக எடுத்துச் செல்லப்பட்டன என்பதையும் அவர்கட்குச் சொன்னேன். நான்கு மணிக்கு நடை திறந்தது. வழிபட்டுத் திரும்ப ஐந்து மணி ஆயிற்று.

இழந்த நேரத்தை மீட்க விரும்பிய ஓட்டுநர், கைபேசியின் வரைபடம் காட்டிய குறுக்கு வழியிற் சென்றார். அவ்வழி ஒரு வாய்க்காற் கரையாய்க் குறுகி, எங்கள் வண்டியின் அகலத்தினும் சிறிதாயிற்று. வரைபடம் தொலைவைக் கணக்கிடும். எல்லாக் கரைகளின் அகலத்தையும் அறியாது. வயலில் நின்ற ஒருவர் கையசைத்து வழிகாட்ட, வண்டியைப் பின்னோக்கியே நகர்த்திப் பெருஞ்சாலையை அடைந்தோம். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் விரைந்தார்.

குமராட்சியை நெருங்கும்போது, அதுவரை உறங்கினான் என நாங்கள் எண்ணியிருந்த மூத்த பேரன், "தாத்தா, காலையில் நெல் காய்ந்த இடம் இதுதான். நெல்லை வாரியிருப்பார்கள், கல்லை எடுத்தார்களோ, இல்லையோ? வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்லுங்கள்" என்று கூவினான். ஓட்டுநர் விரைவைக் குறைத்தார். சில நொடிகளில் விளக்கொளியில் அக்கற்கள் தென்பட்டன. நெல் முழுவதும் வாரப்பட்டிருந்தது. கற்கள் மட்டும் சாலையில் அப்படியே கிடந்தன.

மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். கண் கண்டு கால் தடையை அழுத்துவதற்குள் அத்தொலைவு கழிந்துவிடும். அதன்பின்னரே விரைவு குறையத் தொடங்கும். தார்ச்சாலையிற் கிடக்கும் கருங்கல் அந்திப்பொழுதில் எட்டத்திற் புலப்படாது. எங்கள் விரைவு குறைந்திராவிடின் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எங்களுக்குப்பின் இருசக்கர வண்டியில் வருவோர்க்கு நேர்வது அதனினும் கொடிதாகும்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தி, பின்விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் சாலையைக் காவல்செய்ய, மற்றையோர் இறங்கிக் கற்களை அகற்றத் தொடங்கினோம். அரவம் கேட்டு, அருகிலிருந்த குடிசையினின்று காலையிற் கண்ட மூதாட்டி கைவிளக்குடன் வந்தாள். "மகன் எடுத்துவிட்டான் என்று நினைத்தேன், அவன் மூட்டையோடு போய்விட்டான் போலும்" என்று பதறினாள். விளக்கைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, தானும் ஒரு கல்லைச் சுமந்து ஓரத்தில் இட்டாள். ஓட்டுநர் அவள் கையிலிருந்த அடுத்த கல்லை வாங்கிக்கொண்டார். காலையிற் சினந்தவரும் அவரே.

பயணத்தில் வரும் இடர்களுட் சில நம் சோர்வினால் விளைவன. காற்றில்லாத மாற்றுச் சக்கரமும், காலந்தாழ்ந்த புறப்பாடும் அத்தகையன. சில, பிறர் வாழ்வு நம் வழியிற் குறுக்கிடுவதால் விளைவன. உலரும் நெல் அத்தகையது. முன்னதற்கு முன்னேற்பாடு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். பொறுமையாவது வாய்மூடிக் காத்திருத்தல் மட்டுமன்று. நின்ற இடத்தில் காரணத்தைக் கேட்டறிதலும் ஆகும். காலையில் அச்சிறுவன் சினந்து வண்டியிலேயே அமர்ந்திருப்பின், அவ்விடத்தை மாலையில் நினைவுகூர்ந்திரான். ஊர்தோறும் உலர்களங்கள் அமையும்வரை நெல் சாலைக்கு வரும். அதுவரை, உலர்த்துவோர் பொழுது சாயுமுன் கற்களை அகற்றுதலும், செல்வோர் அந்திப்பொழுதில் விரைவைக் குறைத்தலும் இருசாரார்க்கும் உரிய கடமைகளாம். சாலை இருவர்க்கும் பொதுவானது.