வடசென்னை மிக்ஸ் – 11: அடி முந்தட்டும், அமுக்கம் பிந்தட்டும்

போன வாரம் ஒவ்வொரு டிராக்கையும் தனியாகச் சுத்தம் செய்து, லெவல் வைத்து நிறுத்தினோம். இந்த வாரம் எல்லா டிராக்கும் ஒன்றாகக் கலந்து வெளியே போகும் பாதைக்கு வருவோம். மாஸ்டர் பஸ் என்பது அதுதான். அங்கே உட்காரும் பிளக்‌இன்தான் பஸ் கம்ப்ரசர்.

கானாக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம்? 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு அது. பறை, சட்டி, கட்ட மோளம் ஒரு பக்கம். கிடார், பேஸ், டிரம்ஸ் மறு பக்கம். நடுவே ராயபுரத்து இசைவாணி போன்றவர்களின் கானாக் குரலும் ராப்பும். அதன் பிறகு இந்தக் கூட்டணியைப் பலரும் முயன்று பார்க்கிறார்கள். முன்பு மிக்ஸிங் என்றால் கோடம்பாக்கத்துச் சினிமா ஸ்டுடியோக்கள்தான். இன்று கொடுங்கையூர் கண்ணதாசன் நகரில் ஒரு மாடி அறையும் லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் வேலை நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், பறையும் டிரம்ஸும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அறையில் பதிவானவை. லெவல் சரியாக இருந்தாலும் ஒரே மேடையில் வாசித்தது போல் கேட்காது. பஸ் கம்ப்ரசர் மொத்தக் கலவையையும் ஒன்றாகக் கவனிக்கிறது. நாம் குறித்த அளவைச் சத்தம் தாண்டினால், எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் இறக்குகிறது. சத்தம் தணிந்ததும் விட்டுவிடுகிறது. எல்லா வாத்தியமும் ஒரே அசைவில் ஏறி இறங்குவதால் காது அவற்றை ஒரே குழுவாக எடுத்துக்கொள்கிறது.

இந்த வகையில் பெரும்பாலான பிளக்‌இன்களுக்கு முன்மாதிரி, 1969இல் காலின் சாண்டர்ஸ் இங்கிலாந்தில் தொடங்கிய சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனத்தின் 4000 வரிசை கன்சோல். அதன் நடுப்பகுதியில் இருந்த கம்ப்ரசரை வேவ்ஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் மென்பொருளாக்கின. ஏபிள்டன் லைவின் ஸ்டாண்டர்ட், சூட் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு 2013இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து ‘க்ளூ கம்ப்ரசர்’ என்ற பெயரில் இது உள்ளேயே கிடைக்கிறது. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு அனலாக் அப்செஷன் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘பஸ்டர்எஸ்இ’ இருக்கிறது. எதை எடுத்தாலும் குமிழ்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ரேஷியோவில் 2, 4, 10 என்று மூன்று நிலை. 4இல் வைத்தால், நாம் குறித்த அளவைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலும் 1 டெசிபலாகச் சுருங்கும். கானாவுக்கு 2இல் தொடங்குங்கள். 10 பக்கம் போகவே வேண்டாம்.

கம்ப்ரசர் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைக் குறிக்கும் அட்டாக்கில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. குமிழில் 0.1 மில்லிசெகண்டிலிருந்து 30 வரை அளவுகள் உண்டு. பறையில் குச்சி தோலைத் தொடும் அந்த ‘சட்’ சில மில்லிசெகண்டுகளுக்குள் முடிந்துவிடும். 0.1 என்று வைத்தால் கம்ப்ரசர் அந்த நொடியிலேயே பாய்ந்து குச்சியடியைத் தின்றுவிடும். மிஞ்சுவது கூர் மழுங்கிய முழக்கம் மட்டும். 30இல் வைத்தால் அடி முழுசாக வெளியேறிய பிறகு, அதன் பின்னே வரும் அதிர்வைத்தான் அது பிடிக்கும். அடி தெறிக்கும், வால் அடங்கும். 10 அல்லது 30இல் வையுங்கள், அதைவிட வேகமாக்காதீர்கள்.

அமுக்கியதை விட எடுக்கும் நேரமான ரிலீஸை டெம்போ பார்த்து வையுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை செகண்ட். 0.3 செகண்ட் ரிலீஸ் என்றால் கம்ப்ரசர் ஏறக்குறைய விட்டுக்கொடுத்து, அடுத்த அடிக்குத் தயாராக நிற்கும். 1.2 என்றால் மீளவே நேரம் இருக்காது. மீட்டர் முள் அமுக்கத்திலேயே தங்கிவிடும், சத்தம் குறைந்ததைத் தவிர எந்தப் பலனும் இல்லை. குழப்பமாக இருந்தால் ‘ஆட்டோ’வில் விடுங்கள்.

அடுத்து, நம் பாட்டுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கோளாறு. கிக் விழும்போதெல்லாம் பாடகரின் குரல் உள்ளே போய் வெளியே வரும். கீழ்ச்சுருதிகளில் சக்தி அதிகம் என்பதால் கம்ப்ரசரைத் தூண்டுவது பெரும்பாலும் கிக்கும் பேஸும்தான், தண்டனையோ குரலுக்கு. கம்ப்ரசர் கேட்கும் ஒலியில் மட்டும் கீழ்ச்சத்தத்தைக் குறைக்கும் சைட்செயின் ஃபில்டர் இருந்தால், அதை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் போடுங்கள். பேஸ் பாட்டில் அப்படியே இருக்கும். கம்ப்ரசரின் காதுக்கு மட்டும் குறைவாகக் கேட்கும்.

அமுங்கிய சத்தத்தை மீண்டும் தூக்கும் மேக்கப் கெயின் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சத்தம் கூடினாலே நம் காது ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடும். அதனால் பிளக்‌இன் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். இரண்டு, உரத்த இடத்தை அமுக்கி மொத்தத்தையும் தூக்கினால் மெல்லிய சத்தமும் சேர்ந்து மேலே வரும். கொடுங்கையூர் எழில் நகர்ப் பக்கம் மாநகராட்சிக் குப்பை லாரிகள் ஓடும் சாலையோரம் பதிவு செய்த குரலில், வரிகளுக்கு இடையே லாரியும் ஃபேனும் எட்டிப் பார்க்கும். குரல் டிராக்கில் பாடாத இடங்களை முதலில் வெட்டிவிட்டு வாருங்கள்.

‘நம்ம பாட்டு மத்தவங்க பாட்டை விடச் சத்தமா இருக்கணும்’ என்று மீட்டரில் 8, 10 டெசிபல் அமுக்குவது வீண் வேலை. ஸ்பாட்டிஃபை சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பாட்டைச் சமப்படுத்துகிறது. யூடியூபும் அதிகச் சத்தத்தை இறக்கிவிடுகிறது. சத்தத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நசுங்கிய பறை மட்டும் உங்கள் பெயரில் மிஞ்சும்.

ஆக, உரத்த இடத்தில் முள் 2 டெசிபல் அசைந்தால் போதும், 3 வரை போகலாம். அதற்கு மேல் அமுக்கினால்தான் பாட்டு நிற்கிறது என்றால் கோளாறு மிக்ஸில் இருக்கிறது, ஃபேடருக்குத் திரும்புங்கள். அடுத்த வாரத்துக்குள் உங்கள் பழைய பாட்டு ஒன்றில் அட்டாக்கை 0.1இலும் 30இலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பறை எதில் பேசுகிறது என்று உங்கள் காதே சொல்லும்.

(தொடரும்)