நுரை தரும் நொடிகள்

ஒரு மைல் தொலைவை, அதாவது 1,609 மீட்டரை, நான்கு நிமிடத்துக்குள் ஓடிக் கடந்த முதல் மனிதர் இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் என்பதும், 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் மெல்லிய தோல் ஸ்பைக் காலணி அணிந்து 3 நிமிடம் 59.4 நொடியில் அவர் அதை முடித்தார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அவ்வளவாக அறியப்படாத கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்த வரம்பைக் கடந்த முதல் மாணவர் கான்சஸ் மாநிலத்தின் ஜிம் ரையன், ஆண்டு 1964. அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னும் இருவர் கடந்தனர். அதற்குப் பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்நாட்டின் ஒரு பள்ளி மாணவராலும் அது இயலவில்லை; 2001இல் ஆலன் வெப் வந்துதான் அந்த வறட்சி நீங்கியது. 2017 முடியும்வரை எண்ணினாலும் பட்டியலில் பத்துப் பெயர்களே இருந்தன. ஆனால் 2020 முதல் 2022 வரையிலான மூன்றே ஆண்டுகளில் அதில் ஐந்துக்கும் மேற்பட்ட புதிய பெயர்கள் சேர்ந்தன. அதன் பிறகும் வரிசை நீண்டுகொண்டே போகிறது. 2025 மார்ச்சில் நியூசிலாந்தின் சாம் ரூத் தம் பதினைந்தாம் வயதிலேயே ஆக்லாந்தில் 3 நிமிடம் 58.35 நொடியில் மைலை முடித்தார். அந்த வயதில் எவரும் அதற்குமுன் நான்கு நிமிடத்தைக் கடந்ததில்லை.

இந்தத் திடீர்ப் பெருக்கத்துக்குப் பயிற்சி முறைகள் மேம்பட்டது, நல்ல ஓட்டப் போட்டிகள் கூடியது எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் இதே காலத்தில், இதே வேகத்தில், உலகெங்கும் பரவிய ஒரு பொருள் ஓடுபவர்களின் காலடியில் இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு இந்த எண்களை விளக்க முடியாது.

நைக்கி நிறுவனம் 2017இல் வெளியிட்ட வேப்பர்ஃப்ளை 4% என்ற காலணியே இந்த மாற்றத்தின் தொடக்கம். காலணியின் மேற்பகுதிக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் இடையில் இருக்கும் தடித்த நுரை அடுக்குதான் ஓடுபவரின் எடையைத் தாங்குகிறது. பல பத்தாண்டுகளாக இந்த அடுக்கு எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பொருளால், சாதாரணச் செருப்புகளிலும் காணப்படும் அதே பொருளால், செய்யப்பட்டு வந்தது. புதிய காலணியில் அதன் இடத்தைப் பாலிஈதர் பிளாக் அமைடு, சுருக்கமாகப் பெபா, என்ற நுரை பிடித்தது. இது மிகவும் இலேசானது, எளிதில் அமுங்குவது, அமுங்கும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைக் கால் தரையை விட்டு எழும்போது திருப்பித் தருவது. இலேசாக இருப்பதால் எடை கூடாமலே அடிப்பாகத்தைத் தடிமனாக்க முடிந்தது. காலணியில் ஒவ்வொரு 100 கிராம் கூடும்போதும் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயர்கிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த ஒன்று. எனவே தடிமனும் இலேசும் ஒருசேர அமைந்தது சிறிய வசதியன்று. அந்த நுரைக்குள், முன்பாதத்தின் அடியில் கரண்டிபோல் வளைந்து செல்லும் விறைப்பான கார்பன் இழைத் தகடு ஒன்றும் புதைக்கப்பட்டது.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் வூட்டர் ஹூக்காமர், ராட்ஜர் கிராம் ஆகியோர் நடத்திய ஆய்வு இந்தக் காலணியின் பெயரில் உள்ள நான்கு விழுக்காட்டுக்கு அடிப்படையாக அமைந்தது. பத்துக் கிலோமீட்டரை 31 நிமிடத்துக்குள் ஓடக்கூடிய 18 ஆண்கள் டிரெட்மில்லில் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓட, அவர்கள் உள்ளிழுக்கும் ஆக்சிஜனும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடும் அளக்கப்பட்டன. ஒரே வேகத்தில் ஓட உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்ற இந்த அளவே ஓட்டச் சிக்கனம் எனப்படுகிறது. எடை வேறுபாடு முடிவைக் குழப்பாதிருக்க, புதிய காலணி, ஒப்பீட்டுக்கான வேறு இரண்டு என மூன்று வகைக் காலணிகளையும், இலேசானவற்றில் சிறு எடைகளைச் சேர்த்துச் சமமாக்கினர். அப்படியும் புதிய காலணியில் ஆற்றல் செலவு சராசரியாக நான்கு விழுக்காடு குறைந்தது. காலணிகளைத் தனியே இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தபோது, புதியது மற்றவற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அமுங்கியதுடன், வாங்கிய ஆற்றலில் 87 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. ஒப்பிடப்பட்ட மற்ற இரண்டும் முறையே சுமார் 76, 66 விழுக்காடே தந்தன. இந்த ஆய்வுக்கு நிதி வழங்கியது நைக்கி நிறுவனமே என்பதையும், ஆய்வாளர்களில் சிலர் அதன் ஊழியர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் பின்னர் பிறர் நடத்திய சோதனைகள் முடிவின் திசையை உறுதிசெய்தன.

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் கார்பன் தகட்டின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு வந்த விடை பலருக்கு வியப்பளித்தது. ஹூக்காமரும் அவருடைய மாணவி லாரா ஹீலியும் காலணியின் தகட்டைக் குறுக்காகப் பல இடங்களில் வெட்டி அதன் விறைப்பைக் குலைத்தபின் ஓட வைத்துப் பார்த்தபோது, ஓட்டச் சிக்கனம் குறிப்பிடத்தக்க அளவு கெடவில்லை. தகடு கணுக்கால், கால்விரல் மூட்டுகளின் வேலையைச் சற்று மாற்றுகிறது, மென்மையான நுரைக்கு நிலைத்தன்மை தருகிறது. ஆனால் பெரும்பங்கு நுரையினுடையதே.

இனி, நான்கு விழுக்காடு ஆற்றல் மிச்சமானால் நேரமும் நான்கு விழுக்காடு குறையும் என்று கொள்வது தவறு. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. ஆகவே முன்னணி மாரத்தான் வேகத்தில் ஆற்றல் மிச்சத்தின் மூன்றில் இரண்டு பங்களவே வேகமாக மாறுகிறது. மெதுவாக ஓடுபவருக்கோ சிக்கல் வேறு: மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஆற்றல் மிச்சம் 1.4 விழுக்காடாகவும், 10 கிலோமீட்டரில் 0.9 விழுக்காடாகவும் சுருங்கிவிடுகிறது என்று 2023இல் வெளிவந்த ஒரு சோதனை காட்டியது. பள்ளி அணியின் கடைசி வரிசையில் ஓடும் சிறுவனுக்கு, விளம்பரம் சொல்லும் பலனில் கால்பங்கு கிடைத்தாலே பெரிது.

அப்படியானால் சிறிய பலன் எப்படிப் பட்டியலையே புரட்டிப்போடுகிறது? நான்கு நிமிடம் என்பது 240 நொடி. அதில் ஒரு விழுக்காடு 2.4 நொடி. 4 நிமிடம் 2 நொடியில் மைலை ஓடும் மாணவர் ஒரு விழுக்காடு முன்னேறினால் 3 நிமிடம் 59.6 நொடியில் முடிப்பார். எந்தத் திறமையிலும் உச்சத்தில் இருப்போர் மிகச் சிலர். அவர்களுக்குச் சற்றுக் கீழே இருப்போர் அவர்களைவிடப் பன்மடங்கு. எனவே எல்லோருடைய நேரமும் ஒரே சிறு அளவு நகரும்போது, ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டுவோரின் எண்ணிக்கை அந்த அளவோடு ஒப்பிட முடியாதபடி பெருகிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆலன் வெப் 2001இல் யூஜீன் நகரில் ஓடிய 3 நிமிடம் 53.43 நொடி என்ற அமெரிக்கப் பள்ளி மைல் சாதனையை, புதிய காலணிகளோடு வந்த எந்த அமெரிக்கப் பள்ளி மாணவரும் 2025 முடியும்வரை முறியடிக்கவில்லை. பள்ளி மாணவரான ஹாப்ஸ் கெஸ்லர் 2021இல் 1,500 மீட்டரை 3 நிமிடம் 34.36 நொடியில் ஓடியபோது, அது வெப்பின் மைலைவிட மேலான ஓட்டம் என்று நிபுணர்கள் கணித்தனர்; அப்படி மதிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே. கோட்டருகே கூட்டம் சேர்ந்த அளவுக்கு உச்சி உயரவில்லை.

இதே காட்சியை இன்னும் பெரிய அளவில் காண ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3 ஆகிய நாள்களில் டோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைவரை சென்று திரும்பும் ஹக்கோனே எகிடென், 217.1 கிலோமீட்டர் நீளமுள்ள தொடர் அஞ்சலோட்டம். அணிக்குப் பத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் தோளில் குறுக்காக அணிந்த தசுகி என்னும் துணிப்பட்டையை அடுத்தவருக்குக் கைமாற்றியபடி ஓடுவார்கள். நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்க்கும் இந்தப் போட்டியில், யார் எந்தக் காலணி அணிந்தார் என்பதையும் ஊடகங்கள் ஆண்டுதோறும் தலையெண்ணி வெளியிடுவதால், ஆய்வாளர்களுக்கு அது ஒரு பெருங்களஞ்சியம். மெல்லிய அடிப்பாகமே வேகத்துக்கு உகந்தது என்ற நம்பிக்கை வேரூன்றிய நாடு அது. பாரம்பரியத் தபி காலணி செய்யும் ஒரு சிறு நிறுவனம் மெல்லிய ஓட்டக் காலணி உருவாக்கி வெல்லும் கதையைச் சொன்ன ‘ரிகுஓ’ தொலைக்காட்சித் தொடர், தடித்த காலணி கடைக்கு வந்த அதே 2017இல்தான் ஒளிபரப்பானது என்பதை வரலாற்றின் குறும்பு எனலாம். 2020 போட்டியில் 210 பேரில் 84 விழுக்காட்டினர் நைக்கி அணிந்திருந்தனர். பத்துப் பகுதிகளில் ஏழில் புதிய சாதனை. வென்ற அவோயாமா ககுயின் பல்கலைக்கழகத்தின் நேரம் 10 மணி 45 நிமிடம் 23 நொடி, முந்தைய ஆண்டின் சாதனையைவிட ஆறே முக்கால் நிமிடம் குறைவு. 2021இல் அந்தப் பங்கு 95 விழுக்காட்டைத் தாண்ட, உள்நாட்டு நிறுவனமான ஆசிக்ஸின் காலணியை ஒருவர்கூட அணியவில்லை.

ஆனால் அதே 2021இல் கோமசாவா பல்கலைக்கழகம் வென்ற நேரம் 10 மணி 56 நிமிடம் 4 நொடி. அதாவது, ஏறக்குறைய எல்லோரும் தடித்த காலணிக்கு மாறிய ஆண்டில் வெற்றி நேரம் 2019ஐவிடச் சுமார் நான்கு நிமிடம் கூடியது. மறு ஆண்டே அவோயாமா 10 மணி 43 நிமிடம் 42 நொடியில் புதிய சாதனை படைத்தது. காற்று, வெப்பம், அணிகளின் வலு, போட்டியின் போக்கு ஆகியவை ஒரு நாளின் நேரத்தை எவ்வளவு ஆட்டுவிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. காலணியின் விளைவு பல ஆண்டுகளின், பல நூறு ஓட்டங்களின் தொகுப்பில்தான் தெரியும். ஒரு மாணவரின் ஒரு நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதில் இத்தனை நொடி காலணியுடையது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பிரித்துச் சொல்ல முடியாமைக்கு ஆழமான காரணம், பலன் ஆளுக்கு ஆள் மாறுவதே. கொலராடோ ஆய்விலேயே ஒருவருக்கு 1.6 விழுக்காடும் இன்னொருவருக்கு 6.3 விழுக்காடும் மிச்சமாயின. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், உலகத் தரம் வாய்ந்த ஏழு கென்ய வீரர்கள் வெவ்வேறு நவீனக் காலணிகளைப் பழைய மெல்லிய காலணியோடு ஒப்பிட்டு ஓடியபோது, விளைவு 11.4 விழுக்காடு ஆதாயத்திலிருந்து 11.3 விழுக்காடு இழப்புவரை விரிந்து கிடந்தது. பெண்களுக்குப் பலன் கூடுதல் என்று உலக அத்லெட்டிக்ஸ் அமைப்பின் ஸ்டெஃபான் பெர்மோன் குழுவினர் சாலை ஓட்டப் பதிவுகளிலிருந்து கணித்தனர்: முன்னணிப் பெண்களின் நேரம் 1.7 முதல் 2.3 விழுக்காடும், ஆண்களுடையது 0.6 முதல் 1.5 விழுக்காடும் குறைந்திருந்தது. இருவர் ஒரே காலணியை அணிந்து ஓடினாலும் அது இருவருக்கும் சமமான களம் ஆகாது.

திடலில் ஓடும் ஸ்பைக் காலணிகளுக்கும் 2020 வாக்கில் இதே நுரையும் தகடும் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டில் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 5,000 மீட்டரில் பதினாறு ஆண்டுப் பழைமையான உலகச் சாதனையை வீழ்த்தினார். 2004 முதல் அசையாதிருந்த ஜப்பானின் பள்ளி 5,000 மீட்டர் சாதனையும் அதே ஆண்டில் வீழ்ந்தது. நடுத்தரத் தொலைவு வேகத்தில் நவீன ஸ்பைக்குகள் சுமார் இரண்டு விழுக்காடு ஆதாயம் தருவதாக ஹூக்காமர் குழுவின் பிந்தைய ஆய்வு காட்டியது.

வளரும் உடலைப் பொறுத்தவரை எச்சரிக்கைக்கு இடமிருக்கிறது. சிறுவர், சிறுமியரின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீள்வதற்கு இடமளிக்கும் குருத்தெலும்புப் பகுதிகள், இன்னும் கெட்டிப்படாதவை. குதிகாலில் அவை நோகத் தொடங்குவது ஓடும் சிறார்களிடம் அன்றாடம் காணப்படும் தொல்லை. கார்பன் தகட்டுக் காலணி அணிந்த ஓட்டவீரர்கள் ஐந்து பேருக்குப் பாதத்தின் நடுவே உள்ள நாவிகுலர் என்ற எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதை 2023இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஐந்து பேரை வைத்துக் குற்றம் சாட்ட முடியாதுதான். ஆனால் பாதத்தின் சுமை இடம் மாறுகிறது என்பதை அது நினைவூட்டுகிறது. போட்டி நாளுக்கு மட்டும் இக்காலணியை ஒதுக்கி, அன்றாடப் பயிற்சியைச் சாதாரணக் காலணியில் செய்வதே முறை. செலவும் அதையே சொல்கிறது: 250 டாலர் விலையில் வந்த வேப்பர்ஃப்ளை போன்றவற்றின் நுரை, 450 கிலோமீட்டர் ஓடியபின் பழைய நுரையைவிட மேலானதாக இருக்கவில்லை என்று ஒரு சோதனை கண்டது.

உலக அத்லெட்டிக்ஸ் அமைப்பு 2020 ஜனவரியில் அடிப்பாகத்தின் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் வரம்பும், ஒரே தகடு என்ற கட்டுப்பாடும் விதித்தது. திடல் போட்டிகளுக்கு 2024 நவம்பர் முதல் அந்த வரம்பு 20 மில்லிமீட்டர். தடிமனை அளப்பது எளிது. நுரையின் தரத்தை அளக்க எந்த நடுவரிடமும் கருவி இல்லை. இந்நிலையில், கல்வி உதவித்தொகைக்கும் அணித் தேர்வுக்கும் பத்தாண்டுக்கு முந்தைய தகுதி நேரங்களை அப்படியே வைத்துக்கொண்டு இன்றைய மாணவரை அளப்பது, விலை கொடுத்து நுரை வாங்க முடிந்தவருக்கு ஒரு படி மேலே இடம் கொடுப்பதே ஆகும். 100 மீட்டர் ஓட்டத்தின் முடிவுப் பட்டியலில் காற்றின் வேகத்துக்கென்று ஒரு பத்தி உண்டு. நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் பின்காற்று வீசினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படுவதில்லை. நெடுந்தொலைவு ஓட்டங்களில், குறைந்தபட்சம் பள்ளி, இளையோர் போட்டிகளிலாவது, காலணியின் பெயரையும் அதேபோல் நேரத்துக்குப் பக்கத்தில் பதிவு செய்வதும், தேர்வில் நேரத்தைவிட ஓடி வந்த இடத்துக்கு முதன்மை தருவதும் போட்டி அமைப்பாளர்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடக்கூடிய வேலைகள்.