தரங்கம்பாடி முதல் கோவை வரை: தென்னகப் பூச்சித் தொகுப்புகளின் வரலாறு

தென்னிந்தியப் பூச்சிகள் அறிவியல் நூல்களில் இடம்பெறத் தொடங்கிய இடங்களில் முக்கியமானது, அன்று டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடி. 1768-இல் அங்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவர். செடிகொடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயஸிடம் பயின்ற இன்னொருவரான யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ், தரங்கம்பாடியிலிருந்து வந்த பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார். பருத்திப் பஞ்சில் கறைபடிய வைக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு 1775-இல் அவர் வைத்த 'கோனிகி' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

புதிய இனமொன்றை விவரிக்கும்போது அடிப்படையாகக் கொள்ளும் பூச்சியை 'வகை மாதிரி' என்பார்கள். பின்னாளில் பெயரில் ஐயம் எழுந்தால் அந்த மாதிரியோடுதான் ஒப்பிட வேண்டும். பூச்சி இங்கே பறந்தாலும் அதன் வகை மாதிரி கோபன்ஹேகனிலோ லண்டனிலோ இருந்ததால், உள்ளூர் ஆய்வாளர்கள் நெடுங்காலம் வெளிநாட்டையே நம்பியிருந்தனர். 19-ஆம் நூற்றாண்டிலும் இது மாறவில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹாம்ப்சன் அங்குள்ள அந்துப்பூச்சிகளைத் திரட்டினார். அவற்றைப் பற்றிய அவரது நூல் 1891-இல் லண்டனில் வெளியானது.

இதற்கிடையே இப்பகுதியிலேயே அருங்காட்சியகங்கள் எழுந்தன. சென்னை அருங்காட்சியகம் 1851-இல் கற்களையும் கனிமங்களையும் கொண்டு தொடங்கியது. உயிரினத் தொகுப்புகள் பிறகு சேர்ந்தன. கொழும்பு அருங்காட்சியகம் 1877-இல் திறக்கப்பட்டது.

பூச்சிகளை உள்ளூரிலேயே வைத்துப் படிக்கும் தேவையை வலுவாக்கியது வேளாண்மை. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு மாறியது. பயிரை அழிக்கும் பூச்சி எது, அதைத் தின்னும் பூச்சி எது என்று பிரித்தறிய, பெயரிடப்பட்ட மாதிரிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். பெயின்பிரிக் பிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பொருளாதார நோக்கில் விவரித்து நூல் எழுதினார். டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940-இல் வந்தது.

அப்போதும் பூச்சிகள் வெளிநாட்டுக்குப் போவது நிற்கவில்லை. காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசை நாதன், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காரைக்கால், கோவை, ஆனைமலைப் பகுதிகளில் பிடித்த பூச்சிகள் அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. 'நாதனி' என்று முடியும் பூச்சிப் பெயர்கள் பல அவரைக் குறிப்பவை.

சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். வண்டு என்றால் வலப்பக்க முன்னிறகில் ஊசி குத்துவார்கள். வண்ணத்துப்பூச்சியை இறகு விரித்துக் காயவைப்பார்கள். ஊசி தாங்காத சிறு பூச்சியை அட்டை நுனியில் ஒட்டுவார்கள். மெல்லுடல் கொண்டவற்றைச் சாராயத்தில் இடுவார்கள். ஒவ்வொன்றின் கீழும் பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு இருக்கும். சீட்டு தொலைந்தால் பூச்சியின் அறிவியல் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். வெப்பநாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த உடலைத் தின்னும் அருங்காட்சியக வண்டின் புழு, கவனிக்காத பெட்டியைத் தூளாக்கிவிடும். இறுக மூடும் பெட்டியும் நாப்தலீன் உருண்டையும் இதற்காகத்தான்.

இப்படிச் சேர்த்துக் காக்கும் நிறுவனங்களும் உள்நாட்டில் வளர்ந்தன. 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் நிறுவப்பட்டது. அதன் தென்மண்டல மையம் 1961-இல் சென்னையில் தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2018-இல் பொதுமக்களுக்கென்றே பூச்சி அருங்காட்சியகம் திறந்தது.

இத்தொகுப்புகளின் பயன் நெருக்கடியில் தெரியும். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளியைத் தாக்கிய மாவுப்பூச்சி, மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து பரவிய புதிய இனம் என்று அடையாளம் காணப்பட்டது. மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் அது தாவியது. இனம் இன்னதென்று உறுதியானதால், அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வயல்களில் விட முடிந்தது, தாக்குதலும் தணிந்தது. ஒரு பூச்சி ஊருக்குப் புதிதா பழையதா என்ற கேள்விக்கு, நாளும் இடமும் குறித்துச் சேர்த்துவைத்த மாதிரிகளே சான்று.