கிளியின் கழுத்தைத் திருகச் சொன்ன காதலன்: 'ரொமான்டஸி'க்கு முன்பே கொண்டித்தோப்பில் அச்சான மந்திரவாதி மோதல்

புத்தகம் பற்றி ரீல்ஸ் போடுகிறவர்களை நீங்கள் ஃபாலோ செய்தால், 'ரொமான்டஸி' என்ற வார்த்தை கண்ணில் படாமல் இருந்திருக்காது. ரொமான்ஸும் ஃபேன்டஸியும் கலந்த நாவல் வகை அது. சாரா ஜே. மாஸ் 2015-ல் தொடங்கிய வரிசையும், ரெபெக்கா யாரோஸ் 2023-ல் எழுதிய 'ஃபோர்த் விங்'கும் இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பின. அதற்கு முன்னால், 2011-ல், எரின் மார்கன்ஸ்டெர்ன் எழுதிய 'தி நைட் சர்க்கஸ்' வந்தது. வயதான இரண்டு மந்திரவாதிகளுக்குள் பந்தயம். ஒருவர் தன் மகளைக் களத்தில் இறக்குகிறார், இன்னொருவர் அநாதை விடுதியிலிருந்து எடுத்து வளர்த்த பையனை. இரவில் மட்டும் திறக்கும் சர்க்கஸ்தான் களம். மோத வேண்டிய இரண்டு பேரும் காதலித்துவிடுகிறார்கள்.

'இப்படியெல்லாம் தமிழில் யார் எழுதுகிறார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. ராயபுரம் கல்மண்டபத்தில் பஸ் ஏறி, தங்கசாலை மணிக்கூண்டுப் பக்கம் இறங்கினால் பதில் கிடைக்கும். டிராஃபிக் இல்லாவிட்டால் சில நிமிஷப் பயணம்தான். அங்கே இருக்கும் கொண்டித்தோப்பு, ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் மாயாஜாலக் கதைகள் கட்டுக்கட்டாக அச்சாகி வெளியே போன இடம்.

பெரிய எழுத்து என்றால் என்ன?

இந்தியர்கள் அச்சகம் நடத்துவதில் இருந்த கட்டுப்பாடுகள் 1835-ல் தளர்ந்தன. அதன் பிறகு சென்னையில் தமிழ் அச்சகங்கள் பெருகின. இலக்கணமும் புராணமும் மட்டும் இல்லை, வாய்வழியாகச் சொல்லப்பட்ட கதைகளும் மலிவான தாளில் ஏறின. இவற்றில் ஒரு வகைதான் 'பெரிய எழுத்து' புத்தகங்கள். பெயரே விளக்கம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கும், விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேருக்கு உரக்கப் படித்துக் காட்டுபவர்களுக்கும் வசதியாக எழுத்துகள் பெரிதாக இருக்கும். நடுநடுவே முரட்டுக் கோட்டில் படங்கள் வரும். சந்தை, திருவிழா, தெருவோரக் கடை என எங்கும் விற்கும்.

இந்த வகையில் அதிகம் அறியப்பட்ட பெயர் கொண்டித்தோப்பு வெங்கட்ராமர் தெருவில் இருந்த இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ். விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள், மதனகாமராஜன் கதை... பாட்டி வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த புத்தகம் எதையாவது பார்த்திருந்தால், அது இந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கமல் நான்கு வேடம் போட்ட 1990-ம் வருஷப் படத்தின் தலைப்பு பாதி அங்கிருந்து வந்ததுதான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1941-ல், 'மதனகாமராஜன்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்துவிட்டது.

குருவுக்கும் சிஷ்யனுக்கும் என்ன சண்டை?

மதனகாமராஜன் கதை ஒரு தொகுப்பு. மந்திரி மகன் ஒருவன் சொல்லும் 12 கதைகள் அதில் உண்டு. 1886-ல் பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி அதை ஆங்கிலத்தில் கொண்டுபோனார். (தமிழின் ஆரம்பகாலத் துப்பறியும் கதைகளை எழுதியவரும் இவரே. ஒரே ஆளுக்கு இரண்டு ஆர்வம்.) அதில் வரும் மந்திரவாதி கதை சுருக்கமாக இதுதான். பதிப்புக்குப் பதிப்பு சில்லறை விவரங்கள் மாறும்.

நாடிழந்த ஒரு ராஜா, தன் இரண்டு பையன்களையும் ஒரு பிராமணக் குருவிடம் படிக்க விடுகிறார். குரு கேட்கும் ஃபீஸ் விநோதமானது. படிப்பு முடிந்ததும் இரண்டு பேரில் ஒருவன் அவருக்கே சொந்தம். வேலையில் சேரும்போது பாண்டு எழுதி வாங்குகிற கம்பெனிகள் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. குரு மூத்தவனுக்கு ஒன்றும் சொல்லித்தராமல் எடுபிடி வேலை வாங்குகிறார். இளையவனுக்கு எல்லா வித்தையும் கற்றுத்தருகிறார், அவனைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கில். பையன் அதைப் புரிந்துகொண்டு, மந்திரத்தாலேயே ரகசியமாக அப்பாவிடம் வந்து சொல்லிவிடுகிறான்: "என்னையே கேளுங்கப்பா, அண்ணனைக் காட்டினா ஏமாந்துடாதீங்க."

அப்பா அவனையே கேட்டு வாங்கிக்கொண்டு வர, குருவுக்கு ஆத்திரம். மோதல் அங்கே ஆரம்பிக்கிறது.

வறுமையில் இருக்கும் அப்பாவுக்காகப் பையன் குதிரையாக மாறி விலைக்குப் போகிறான். வாங்குவது குரு. உயிர் போகும்வரை ஓட்டித் தண்டிக்கிறார். ஒரு குளத்தங்கரையில் பையன் குதிரையை விட்டு, செத்துக் கிடந்த மீனுக்குள் போகிறான். குரு விடவில்லை. மீனிலிருந்து எருமை, எருமையிலிருந்து கிளி. கிளியைப் பருந்து துரத்துகிறது. பருந்து யார் என்று சொல்லத் தேவையில்லை. கிளி பறந்து போய் ஒரு இளவரசியின் மடியில் விழுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் துரத்தல் கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் அறிஞர்கள் இதற்கு 325 என்று எண்ணே கொடுத்திருக்கிறார்கள். 1550-களில் இத்தாலியில் ஸ்ட்ராபரோலா இதை அச்சிட்டார், கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் சேகரித்தார்கள், மங்கோலியாவில் வேதாளக் கதைக்கே இது முன்கதை. டிஸ்னியின் 1963-ம் வருஷப் படமான 'தி சோர்டு இன் தி ஸ்டோன்' பார்த்தவர்களுக்கு, மெர்லினும் மேடம் மிம்மும் மிருகம் மிருகமாக மாறிச் சண்டை போடும் காட்சி ஞாபகம் இருக்கும். அதே ஆட்டம்தான்.

ஆனால் பல ஊர்க் கதைகளில் மந்திரவாதி 'மாறுகிறான்'. நம் கதையில் அவன் பெரும்பாலும் செத்த உடலுக்குள் 'போகிறான்'. அதாவது கூடுவிட்டுக் கூடு பாய்தல். திருமூலர் இறந்துகிடந்த இடையனின் உடலில் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது புது விஷயமே இல்லை. இந்த வித்தையில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. உன் உடல் எங்கோ கிடக்கும், அதை யாராவது எடுத்துக்கொள்ளலாம். விக்கிரமாதித்தன் கதையில் அதுதான் நடக்கிறது. ராஜாவின் உடலில் வேறொருவன் புகுந்து அரண்மனைக்கு வந்துவிடுகிறான். ஊரே அவனை நம்புகிறது. சந்தேகப்படுவது ராணி.

காதல் எங்கே வருகிறது?

பகலில் கிளி, இரவில் ஆண். இளவரசியின் அறையில் அப்படித்தான் நாட்கள் நகர்கின்றன. பையன் தான் யார் என்பதை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுகிறான். தன் குரு என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொல்கிறான். அவர் கழைக்கூத்தாடிகளோடு வந்து, கயிற்றின் மேல் வித்தை காட்டி, ராஜாவிடம் பரிசாகக் கிளியைக் கேட்பார். அப்போது நீ கிளியின் கழுத்தைத் திருகிக் கொன்றுவிடு. நான் உன் கழுத்து முத்துமாலைக்குள் போய்விடுவேன். அடுத்து மாலையைக் கேட்பார். அதை அறுத்து முற்றத்தில் எறி.

அவள் அப்படியே செய்கிறாள். முத்துகள் சிதறிப் புழுக்களாகின்றன. குரு சேவலாகிக் கொத்துகிறார். பையன் பூனையாகிச் சேவலின் கழுத்தைக் கவ்வுகிறான். ஆட்டம் முடிந்தது.

மந்திரம் தெரிந்த இரண்டு ஆண்களின் சண்டை என்று ஆரம்பித்த கதையில், கடைசிச் சுற்றின் முக்கியமான இரண்டு நகர்வுகளைச் செய்வது மந்திரமே தெரியாத ஒரு பெண். அவனைச் செல்லமாக வைத்திருந்த உருவத்தைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும். அவன் சொன்னது பொய்யாக இருந்தால் அவள் கையில் ஒரு செத்த கிளி மட்டும் மிஞ்சும். அப்பா, சபை, வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லோரும் 'ஒரு கிளிதானே, கொடுத்துவிடு' என்று நிற்கும் இடத்தில் அவள் இதைச் செய்கிறாள். 'நைட் சர்க்க'ஸில் காதலர்கள் இருவருக்கும் மந்திரம் தெரியும், ஒருவருக்கொருவர் அற்புதக் கூடாரங்கள் கட்டிக்கொள்கிறார்கள். அழகுதான். ஆனால் என் கணக்கில், நம்பிக்கைக்கு அதிக விலை கொடுத்தவள் கொண்டித்தோப்பு இளவரசிதான்.

எல்லாமே இப்படித்தானா?

இல்லை. இதே வரிசையில் விற்ற அல்லி அரசாணி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைப்பாடல் இது. நளவெண்பா பாடிய அதே புகழேந்தி எழுதியது என்பதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அல்லி மதுரையை ஆளும் அரசி. போர் தெரிந்தவள், ஆண்களைக் கிட்ட நெருங்க விடாதவள். அர்ஜுனன் அவள் மேல் ஆசைப்படுகிறான். மாயத்துக்குப் பொறுப்பு கிருஷ்ணன். அர்ஜுனன் பாம்பு உருவில் அவள் அறைக்குள் போகிறான். அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான்.

முன்னதில் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் செய்வாளா என்று காத்திருந்தான். இதில் அவள் கண் திறக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைய ரொமான்டஸி வாசகர்கள் ஆன்லைனில் ஓயாமல் சண்டை போடும் கேள்வியும் இதுதான்: முரட்டு ஹீரோ, மயக்கும் மந்திரம் எல்லாம் சரி, அவள் சம்மதித்தாளா? அல்லி விஷயத்தில் பதில் தெளிவு. இதைக் காதல் என்று சொல்ல முடியாது, விளையாட்டு என்று கடந்துபோகவும் முடியாது. விழித்ததும் அல்லி வெட்கப்பட்டுத் தலைகுனியவில்லை என்பதைக் கதையும் மறைக்கவில்லை. கோபத்தில் கொதிக்கிறாள். நாடகத்திலும் கூத்திலும் சினிமாவிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நினைவில் வைத்திருப்பதும் அந்தக் கோபக்கார அல்லியைத்தான். அடங்காத பெண்ணை 'அல்லி ராணி' என்று இப்போதும் சொல்கிறோம். சிலர் திட்டாக, சிலர் பாராட்டாக.

சும்மா பொழுதுபோக்குக்கு என்று மலிவு விலையில் விற்ற புத்தகங்கள்தான் இவை. ஆனாலும் மந்திரசக்தி கையில் இருக்கும் ஒருவன் அதை ஒரு பெண்ணிடம் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதை, ஒரே பதிப்பகத்தின் இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. உரக்கப் படித்துக் கேட்ட பெண்கள் இரண்டையும் கேட்டிருப்பார்கள்.

இப்போது எங்கே படிக்கலாம்?

பழைய பதிப்புகளைப் பார்க்க தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியாளாகச் சேர்த்த சேகரிப்பை வைத்து 1994-ல் உருவான நூலகம் அது. மற்றவர்கள் குப்பை என்று கழித்த மலிவுப் பதிப்புகள், நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்களையும் அவர் விடாமல் சேர்த்தார். மொபைலிலேயே படிக்க வேண்டுமென்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் 'பெரிய எழுத்து' என்று தேடிப்பாருங்கள். நடேச சாஸ்திரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு காப்புரிமைக் காலம் தாண்டியது. அதுவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய பதிப்புகளில் வாக்கியம் எங்கே முடிகிறது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். நிறுத்தக்குறி அபூர்வம், ஒரு 'என்று சொல்ல' இன்னொரு 'அதைக் கேட்டு'வில் போய் ஒட்டிக்கொள்ளும். மனசுக்குள் படித்தால் இரண்டாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு விடும் இடத்தில் வாக்கியம் தானாக முடியும்.